நாலு வயரும் நடுவில் ஒன்றும்

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. அப்படித்தான். அப்படித்தானா? ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று என்று சொல்லிப் பார்த்தாலும் வாய் அதே நம்பிக்கையோடு சொல்கிறது. நாக்குக்கு என்ன தெரியும், அது எதையும் சொல்லும், வாழ்நாளெல்லாம் ஊர் ஊராய் பம்புசெட் விற்ற நாக்கு. நான்கு வயர்கள் என் எதிரில் தொங்குகின்றன. நான்கும் கறுப்பு, நான்கும் ஒரே தடிமன், ஒரு முனை எஞ்சினில் அதனதன் பிளக்கில் இருக்கிறது, மறு முனை அந்தரத்தில். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் சுற்றிலும் நான்கு ஓட்டை, நடுவில் ஒரு ஓட்டை. நடு ஓட்டையில் காயிலிலிருந்து வரும் வயர் அப்படியே இருக்கிறது, அதை மட்டும் நான் தொடவில்லை போலிருக்கிறது. மற்ற நான்கையும் கழற்றியது யார்? நான்தான். இந்தக் கார் ஷெட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒன்றைக் கழற்று, துடை, மாட்டு, பிறகு அடுத்ததைத் தொடு என்று பார்க்கிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். நாலையும் சேர்த்துக் கழற்றுகிறவன் மடையன் என்று டீக்கடையில் நின்று சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். முதல் வயரைப் பிடித்தது நினைவிருக்கிறது. அப்போது போன் அடித்தது. சசி. "அப்பா, கோயமுத்தூர்ல இருந்து கிளம்பிட்டேன், அந்த ஆளையும் லாரியோட வரச் சொல்லிட்டேன், மத்தியானத்துக்குள்ள வந்துருவோம்" என்றான். சரி சரி என்றேன். போனை மட்கார்டு மேல் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் நான்கு வயரும் தொங்குகின்றன. இடையில் என் கை என்ன செய்தது என்று என்னிடம் சொல்லவே இல்லை.

பதறாதே. ஒரு வயர் போன இடம் மறந்ததற்கா இத்தனை ஆட்டம், யாருக்குத்தான் மறக்காது, முப்பது வயதுக்காரன் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டே ஹெல்மெட்டைத் தேடுகிறான். ஆனால் என் அண்ணன் சுந்தரராசுவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி, சாவி, பல்செட்டு என்று ஆரம்பித்து, கடைசியில் அவர் கட்டிய வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "இது யாரூட்டுங்க, ரொம்ப நல்லாக் கட்டீருக்காங்க" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இப்போது என்னை விடமாட்டேன் என்கிறது, ஏனென்றால் அவர் முகத்தில் பயமே இல்லை, ஒரு விருந்தாளியின் மரியாதைதான் இருந்தது. வேண்டாம், அண்ணனை விடு. எஞ்சினைப் பார். எஞ்சினில் ஒளிவு மறைவு கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பந்தியில் பரிமாறுகிற ஆள் மாதிரி. நடுவில் காயிலிலிருந்து வரும் மின்பொறியை வாங்கிக்கொண்டு, உள்ளே ரோட்டார் சுற்றிச் சுற்றி வந்து நாலு சிலிண்டருக்கும் முறைப்படி ஒவ்வொரு பொறியாகப் போடும். முறை தப்பினால் பசியில்லாதவன் இலையில் சோறும் பசித்தவன் இலையில் காற்றும் விழும். வண்டி இருமும், வெடிக்கும், நிற்கும். அவ்வளவுதான் விஷயம். இதில் எனக்கென்ன குழப்பம்? இந்தக் கையால் எத்தனை தடவை மூடியைத் திறந்து, உள்ளே தொட்டுத் தொட்டு விடும் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, சிகரெட் அட்டையை நடுவில் விட்டு இடைவெளி பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்து நின்றுபோன மூடியை ரத்தினத்தின் சேலைத் தலைப்பில் துடைத்திருக்கிறேன், அவள் திட்டத் திட்ட.

உண்மையைச் சொன்னால் இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் வேடிக்கை. காலையில் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன், கீறல் இல்லை, கருகல் கோடு இல்லை, பாயிண்ட் சுத்தமாக இருக்கிறது, ரோட்டார் நுனி லேசாகத் தேய்ந்திருக்கிறது, என் முழங்காலைவிடக் குறைவாக. நன்றாக இருக்கிற சாமானை எதற்குத் திறந்தாய் என்று கேட்டால், ஊரைக் கூட்டிப் பொய் சொல்லிவிட்டேன், அதற்குத்தான். போன மாதம் உடுமலைக்குப் போனேன், என்னிடம் பம்புசெட் வாங்கிய பழைய ஆள் ஒருத்தர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சாப்பிட்டேன், தாம்பூலப் பை வாங்கினேன், கிளம்பினேன். வழியில் ஒரு முக்கு. மூன்று ரோடு பிரிகிறது. ஆயிரம் தடவை திரும்பிய முக்கு. பலகையில் ஊர்ப் பெயர்கள் இருந்தன, எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிந்தது. பொள்ளாச்சி என்றுகூடப் படித்தேன். ஆனால் எந்தப் பெயரில் என் வீடு இருக்கிறது என்பது தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, அது கூடப் பரவாயில்லை, கட்டை அவிழ்த்தால் தெரிந்துவிடும். எனக்குக் கண் திறந்துதான் இருந்தது. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, ரத்தினம் என்று பெயர் காட்டியது. எடுத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பாள். அதனால் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தது. வெயில் சாய்ந்தது. பிறகு கரண்ட் வந்த மாதிரி சட்டென்று எல்லாம் வந்துவிட்டது, ரோடு, வீடு, ரத்தினம், ராத்திரிக்கு வாங்கி வரச் சொன்ன தயிர். வீட்டுக்குப் போய் வாய் கூசாமல் சொன்னேன், "வண்டி நின்னுபோச்சு ரத்தினா. டிஸ்ட்ரிபியூட்டர் மக்கர் பண்ணிருச்சு. ரோட்லயே பிரிச்சு மாட்டி ஓட்டியாறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு." மூடியில் ஈரம் ஏறிவிட்டது, பாயிண்ட் ஒட்டிக்கொண்டது என்று விவரம் வேறு. விற்பனைக்காரன் பொய்க்கு விவரம்தான் உயிர். அவள் நான் கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து, விரித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துவைக்கப் போட்டாள்.

பொய்யை அவளோடு நிறுத்தியிருக்கலாம். சசியிடமும் போனில் அளந்தேன். அவன் என்ன செய்தான், நடுரோட்டில் மத்தியானம் முழுக்க அப்பாவை நிறுத்திவைக்கிற வண்டி இனி எதற்கு என்று முடிவு கட்டிவிட்டான். பழைய கார்களைப் பிரித்து இரும்பாக விற்கிற ஆள் ஒருத்தரைப் பிடித்திருக்கிறான். இன்றைக்கு வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் வாய்தான் இந்த வண்டியைக் கொல்லப் போகிறது. பாவம், அன்றைக்கு அது ஒரு தடவைகூட இருமவில்லை. சாவியைத் திருப்பியதும் கிளம்பிற்று, என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. அதனால்தான் காலையிலேயே திறந்தேன். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன், சரிசெய்துவிட்டேன், இனிமேல் நிற்காது என்று அந்த ஆள் முன்னால் சாவியைத் திருப்பிக் காட்டிவிட்டால் சசி லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவான். துடைத்து மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இல்லாத கோளாறைச் சரிசெய்ய வந்து, இருக்கிற கோளாறை நானே உண்டாக்கிவிட்டேன். இப்போது இது வண்டியின் சமாசாரம் மட்டும் இல்லை. நான் எனக்கே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன், யாருக்கும் தெரியாது. இந்த நாலு வயரையும் யாரையும் கேட்காமல் சரியாக மாட்டிவிட்டேன் என்றால் என் தலைக்கு ஒன்றும் இல்லை. அந்த முக்கில் நடந்தது வெயில், சாப்பாட்டு மயக்கம், அவ்வளவுதான். மாட்ட முடியாவிட்டால்? அதைப் பிறகு பார்ப்போம்.

"ரத்தினா! சாவியப் புடிக்க வா" என்று கூப்பிட்டேன். கல்யாணமான புதிதிலிருந்து எங்கள் வழக்கம் இது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் நான் பானட்டுக்குள் தலையை விட்டால் அவள்தான் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும். நான் அடி என்றால் சாவியைத் திருப்புவாள், விடு என்றால் விடுவாள். தூக்கிய பானட்டுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சந்து இருக்கும், அது வழியாக அவளுக்கு என் முகம் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். வந்து உட்கார்ந்தாள், கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, "சசி வர்ற நேரமாச்சுங்க, இப்பப் போய் எதுக்குங்க இத நோண்டிட்டு இருக்கறீங்க" என்றாள். "சும்மா செக் பண்றேன்" என்றேன். முதல் சிலிண்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது சரி, இது நினைவிருக்கிறது, பார், நினைவிருக்கிறது. நடு வயரைப் பிடுங்கி ஓரமாக வை, இல்லாவிட்டால் பொறி பாயும். மூடியைக் கழற்று. முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வை. எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவிட்டால் ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளும். அப்போது ரோட்டார் எந்த ஓட்டைக்கு நேராக நிற்கிறதோ அதுதான் முதல் சிலிண்டரின் ஓட்டை. "ம், அடி." "அடிச்சாச்சுங்க." "விடு. மறுபடி அடி." புஸ்ஸென்று சூடில்லாத காற்று விரலைத் தள்ளிற்று. குழந்தை மாதிரி சிரித்துவிட்டேன். சந்தேகமே இல்லாமல் ஒன்று தெரிந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! டாக்டர்கள் தலையில் இப்படி எங்காவது விரலை வைத்துப் பார்க்க முடிந்தால் தேவலை. இதோ தள்ளுகிறது ஐயா, உமக்கு ஒன்றும் இல்லை, போய்ச் சாப்பிடும் என்று சொல்லிவிடலாம். ரோட்டார் பேட்டரிப் பக்கத்து ஓட்டையைக் காட்டிற்று. அதுதான் ஒன்று. அதை மறக்காமல் இருக்க நகத்தால் கீறினேன். பிளக்கை முடுக்கினேன்.

இனி அதிலிருந்து மூன்று, நான்கு, இரண்டு. ஆனால் எந்தப் பக்கம்? வலமாகவா, இடமாகவா? ரோட்டார் சுற்றும் திசையில் போக வேண்டும். அது எந்தத் திசையில் சுற்றுகிறது? இப்போதுதானே சுற்றிற்று, என் கண் முன்னால். நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலம். கடிகாரம் வலமாகத்தான் சுற்றுகிறது, கோயிலை வலமாகத்தான் சுற்றுகிறோம், ஆட்டுக்கல்லை வலமாகத்தான் ஆட்டுகிறார்கள். ரத்தினம் இடமாக ஆட்டுவாளோ? அந்த முக்கிலும் இதே கேள்விதான், வலமா இடமா. அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினேன்? வீடு வந்து சேர்ந்தேன், திரும்பியது ஞாபகமில்லை. போதும், வலம்தான், யோசிக்கத் தொடங்கினால் மண்டை காய்ந்துவிடும். மூடியைப் போட்டு வலமாக மாட்டினேன், ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு, கடைசியில் நடு வயர். "ம், அடி!" எஞ்சின் பிடித்த மாதிரி இருந்தது, நொண்டிற்று, உதறிற்று, பிறகு கார்புரேட்டர் வழியாக டமாரென்று ஒரு வெடி. தென்னைமரத்துக் காக்கைகள் மொத்தமும் பறந்தன. "ஐயோ, தீப் புடிச்சுதுங்களா?" "ஒண்ணுமில்ல, விடு, விடு!" தோற்றுவிட்டேன். அவ்வளவுதான், பரீட்சையில் தோற்றாகிவிட்டது. அண்ணனும் இப்படித்தான் எங்கேயோ ஒரு நாள் ஆரம்பித்திருப்பார், யாருக்கும் தெரியாமல், ஒரு ஷெட்டிலோ குளியலறையிலோ. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டேன். "என்னுங்க, சத்தத்தையே காணோம்?" "இருக்கேன்." இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். சரி, எஞ்சினையே கேட்டால் என்ன? அது சுற்றுவதைப் பார்த்தால் தெரிந்துபோகிறது, நினைவு எதற்கு? மடையா, இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை? மறுபடி நடு வயரைப் பிடுங்கினேன், மூடியைக் கழற்றினேன், "அடி ரத்தினா, லேசா" என்றேன். கண் கொட்டாமல் பார்த்தேன். ரோட்டார் இடமாகச் சுற்றிற்று. சாவதானமாக, தனக்கு எப்போதுமே தெரியும் என்கிற மாதிரி. இடம். அப்படியென்றால் முதல் வயரும் நான்காவது வயரும் இருக்கிற இடம் சரி, இரண்டும் மூன்றும்தான் இலை மாறி உட்கார்ந்திருக்கின்றன. மாற்றினேன். மூடி. கிளிப். நடு வயர்.

"ம், அடி." அடித்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டது. நொண்டல் இல்லை, உதறல் இல்லை. ஒரே சீரான சத்தம், எஞ்சின் மேல் ஒரு ரூபாயை நிறுத்தி வைக்கலாம் போல. ஷெட்டின் தகரம் மெல்ல அதிர்ந்தது. மாட்டிவிட்டேன்! யாரையும் கேட்கவில்லை! கத்த வேண்டும் போல, ஆட வேண்டும் போல இருந்தது. பானட்டைத் தட்டினேன், "எப்புடி?" என்று கூவினேன். உள்ளேயிருந்து ரத்தினம், "நல்லாத்தானுங்க ஓடுது" என்றாள். கொஞ்சம் விட்டு, "எப்பவும் நல்லாத்தானுங்க ஓடுது" என்றாள். அந்த இரண்டாவது சொல்லில் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆமாம், நன்றாகத்தான் ஓடுகிறது. இவ்வளவு நன்றாக ஓடக் கூடாதே. சசி வருவான், கேட்பான், அவன் என்னை மாதிரி இல்லை, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்பான். இவ்வளவு சுத்தமா ஓடற வண்டி அன்னைக்கு ஏம்ப்பா நின்னுச்சு? கூட வருகிற ஆள் ஊரெல்லாம் கார் பிரிக்கிறவன், மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், இதுல என்னங்க கோளாறு இருக்குது என்பான். வண்டியில் கோளாறு இல்லையென்றால் மிச்சம் இருப்பது யார்? நான் இவ்வளவு நேரம் பாடுபட்டு என்ன செய்து வைத்திருக்கிறேன்? நான் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தை நானே ரிப்பேர் செய்துவிட்டேன். தெருமுனையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம். அவர்கள்தான். டாக்டர், ஸ்கேன், மாத்திரை டப்பா, நாக்கை நீட்டுங்க, இன்னிக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்க என்று அண்ணனை உட்கார வைத்துக் கேட்டது, அவர் என்னைத் திருதிருவென்று பார்த்தது. வண்டி போனால் போகட்டும். இரும்புதானே. இரும்புக்கு வலிக்காது. மன்னித்துக்கொள் என்று அதனிடம் சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை. கை போய் நடு வயரைப் பிடித்தது. பிடுங்கிற்று. சுரீரென்று முழங்கை வரை ஷாக் அடித்தது, எஞ்சின் ஒரு மூச்சு இழுத்துவிட்டு நின்றுபோயிற்று.

வயர் என் கையில் இருந்தது. "நின்னுபோச்சு பாரு," என்றேன், குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது, "நான் சொல்லல, இந்த டிஸ்ட்ரிபியூட்டர நம்பவே முடியாது." குனிந்து பார்த்தேன். சந்து வழியாக அவள் கண்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக அந்தச் சந்து வழியாக என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பவள். அவளை எப்படி மறந்தேன்? எல்லாவற்றையும் விட்டு இதை எப்படி மறந்தேன்? "அன்னைக்கு நீங்க வந்தப்ப," என்றாள், கோபமே இல்லாமல், "சட்டையில ஒரு பொட்டுக் கறை இல்லீங்க. கையில மசி இல்ல. நகம் சுத்தமா இருந்துது. வண்டியப் பிரிச்ச மனுசன் அப்படியா வருவாங்க?" நான் என் நகங்களைப் பார்த்தேன், இன்றைக்கு அவற்றில் மசி அப்பியிருந்தது. "வழி தெரியாம நின்னீங்களா?" என்று கேட்டாள். அந்தச் சின்னச் சந்து எதிரே மறுபடி நிமிர்ந்து நின்றுகொண்டு, ஐம்பது தாலுகா ரோடும் அத்துப்படி என்று மார்தட்டிய நான், ஆமாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு என் தலை தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "ஆமா ரத்தினா" என்றேன். "போனு அடிச்சனேங்க. எடுத்து வழி தெரியலன்னு சொல்லியிருந்தா நான் பஸ் ஏறி வந்திருப்பனில்லீங்க" என்றாள். "மத்தியானம் பூரா அங்க தனியா உக்காந்திருந்தீங்களாக்கும்."

வெளியே கேட்டைத் திறக்கிற சத்தம், சசியின் குரல், "அப்பா! எங்க இருக்கீங்க?" நான் அசையவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவு பயமாக இருந்தது. ஆனால் அந்தப் புளியமரத்தடியில் இருந்த பயம் இல்லை இது, அது இதைவிட மோசம். "அந்த வயர மாட்டுங்க," என்றாள் ரத்தினம். "அவனுக்கு நான் சொல்றனுங்க. வண்டி மேல எதுக்குங்க பழியப் போடறீங்க, நல்லா ஓடற வண்டி." மூடியைப் பார்த்தேன். சுற்றிலும் நாலு, அதில் எது எதற்கு என்று இந்த நிமிஷம் கேட்டால் மறுபடி குழம்புவேன். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஓட்டை. கறுப்பு மசி அப்பிய விரலால் வயரை அதில் வைத்து அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. "ஷெட்ல இருக்கோம், இங்க வா சசி" என்று என் குரல் கேட்டது. அவள் அடிக்கட்டுங்களா என்று கேட்டாள், நான் வாய் திறப்பதற்குள் சாவியைத் திருப்பினாள்.